பீரோவுக்கு இரண்டு கைப்பிடி

ஜனவரி 11

அண்ணா,

போனில் பேசினால் சண்டைதான் வருகிறது. போன மாதம் நீ பாதியில் வைத்தாய், அதற்கு முந்தின தடவை நான் வைத்தேன், கணக்கு நேராகிவிட்டது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன். "அண்ணி என் டிரம்மரைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க"ன்னு நான் சொன்னது விளையாட்டுக்கு. சரி, பாதி விளையாட்டுக்கு. அண்ணியிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், நீ நடுவில் மூக்கை நுழைக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ட்ரிங் வாங்க வேண்டும். உன்னைக் கேட்காமல் என் பேஸ் கிட்டாருக்கு ஒரு கம்பிகூட வாங்கிப் பழக்கமில்லை.

நீ வெளிநாடு போனதும் உன் இடத்துக்கு நம் குழுவின் கீபோர்டுக்காரர் புதிதாக ஒருவரைப் பிடித்து வந்திருக்கிறார். பகலில் பல் டாக்டர், மாலையில் டிரம்மர். நல்ல மனிதர், தாளம் பிசகுவதில்லை. ஆனால் அவர் காலால் அடிக்கிற கிக் டிரம் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி 'டக் டக்' என்கிறது. உன்னுடையது 'தம்' என்று விழும். அதன்மேல் என் பேஸ் 'தும்' என்று உட்காரும். எது நீ, எது நான் என்று முன்வரிசையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. அதற்காகத்தானே தேடித் தேடி அந்த வழவழப்பான ஃபிளாட் ஸ்ட்ரிங் வாங்கி மாட்டினோம்? வருஷக்கணக்கில் மாற்றாமல் ஊறப்போட்டு வைத்திருந்தேன். மற்ற பேஸ்காரர்கள் எல்லாம் "இது ஸ்ட்ரிங்கா, துணி காயப்போடற கயிறா?" என்று சிரித்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

இப்போது டாக்டரின் டக்குக்கு நடுவில் என் தும் காணாமல் போய்விடுகிறது. சனிக்கிழமை ஹோட்டல் கச்சேரி முடிந்ததும் பாடகி என் பக்கத்தில் வந்து, "நீ இன்னிக்கு வாசிச்சியா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே சந்தேகம்.

சுருள் சுருளாக ஓடும் ரவுண்ட் ஸ்ட்ரிங் மாட்டச் சொல்கிறார் கீபோர்டுக்காரர். பளிச்சென்று கேட்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நீ திரும்பி வந்ததும் மறுபடி ஃபிளாட்டுக்கு மாற வேண்டிவருமே? ஒரு தடவை கழற்றிவிட்டால் இந்தச் சத்தம் திரும்ப ஊறி வர எத்தனை வருஷம் ஆகுமோ. என்ன செய்யட்டும்?

அடுத்த தலைவலி பீரோ. கடையில் அதற்கு நாலு ஸ்பீக்கர் கேபினட் என்றுதான் பெயர். அண்ணி முதல்முதலில் பார்த்துவிட்டு, "இதுல துணி எங்க வைக்கறது?" என்று கேட்டாரே, அன்றிலிருந்து அது பீரோ. நம் வீட்டுக்கு மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, உன் பக்கத்துக் கைப்பிடியைப் பிடிக்க ஆள் கிடையாது. பல் டாக்டரைக் கேட்டேன். "இந்தக் கையில ஏதாவது ஆச்சுன்னா நாளைக்கு யார் வாயில கை வைக்கிறது?" என்றார். அதுவும் நியாயம்தான். கீபோர்டுக்காரருக்கு இடுப்பு வலி, அவர் கீபோர்டையே வேறு யாராவது தூக்கினால்தான் உண்டு. ஆகவே ஹோட்டலில் மூலையில் கிடந்த ஒரு பெட்டியில் சொருகி வாசித்துக்கொண்டிருக்கிறேன். அது தும்மலுக்கும் என் பேஸுக்கும் ஒரே சத்தம் போடுகிறது.

கையில் சின்னதாக ஒரு கட்டு. அதனால் எழுத்து கோணல் என்று நினைக்காதே, என் எழுத்தே கோணல்தான்.

கொசு


ஜனவரி 29

கொசு,

உன் கடிதத்தைக் கிடங்கின் பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். கூட வேலை செய்கிறவர், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார். "எல்லாரும்னா ஒருத்திதான். சண்டை போடற அளவுக்குச் சௌக்கியமா இருக்கா" என்றேன்.

மன்னிப்புக் கேட்டு நீ அனுப்பியதை அண்ணி படித்துச் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுவோம்.

ஸ்ட்ரிங்கில் கை வைப்பதற்கு முன் இதைச் செய்து பார். ஆம்பில் பேஸ் திருகியைக் குறை. கேட்கவில்லை என்றால் எல்லோரும் அதைத்தான் கூட்டுவார்கள். கூட்டினால் ஹால் முழுக்க ஒரு முனகல் பரவுமே தவிர சுரம் கேட்காது. நடுவில் இருக்கும் மிட் திருகியைக் கூட்டு. விரலைக் கழுத்துப் பக்கத்திலிருந்து கம்பியின் அடிமுனை இருக்கும் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தி மீட்டு. அங்கே கம்பி விறைப்பாக இருக்கும், சத்தத்துக்கு ஒரு முனை கிடைக்கும்.

அப்படியும் எடுபடவில்லை என்றால் ரவுண்ட் போடு. நாலையும் மொத்தமாகக் கழற்றிவிடாதே, ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டு. உன் ஃபிளாட்டைவிட ரவுண்டுக்கு இழுப்பு குறைவு. அதனால் கிட்டாரின் கழுத்து பின்பக்கம் சாய்ந்து கம்பி கட்டையில் உரசும். கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைக் கொஞ்சம் தளர்த்தினால் சரியாகிவிடும். கடைக்காரரிடம் கொடுத்துச் செய். நீயே ஸ்பேனரை எடுக்காதே. போன தடவை நீ முறுக்கின முறுக்கில் எனக்கு வந்த நெஞ்சுவலி இன்னும் போகவில்லை.

டாக்டரின் கிக் கதவு தட்டுகிறது என்றால் உள்ளே ஏதாவது திணிக்கச் சொல்லு. என்னுடையதற்குள் அண்ணியின் பழைய கம்பளிப் போர்வை இருக்கிறது. வேண்டுமானால் அதை எடுத்து அவருக்குக் கொடுத்துவிடு.

பீரோவுக்காகக் கஷ்டப்படாதே. ஒரு ஆள் தூக்கக்கூடிய ஆம்ப் ஒன்று வாங்கிக்கொள். இப்போது வருவதெல்லாம் ஒரு கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற மாதிரிதான் இருக்கிறது. பீரோவை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

கட்டு என்றாயே, எந்தக் கையில்?

டமாரம்


பிப்ரவரி 12

மாண்புமிகு டமாரம் அவர்களுக்கு,

மிட் திருகி யோசனைக்கு நன்றி. பாதி குறை தீர்ந்தது. போர்வையைக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

ஒரு ஆள் தூக்கக்கூடிய ஆம்ப். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்!

நாம் பீரோவை எப்படி இறக்குவோம் என்று உனக்கு மறந்திருக்காது. நீ கீழ்ப்பக்கக் கைப்பிடி, நான் மேல்பக்கம். நீ பின்பக்கமாகவே நடந்து படி இறங்குவாய். என் முகம் பெட்டியில் அழுந்தியிருக்கும், எனக்கு ஒன்றும் தெரியாது. உன் குரல்தான் வழி. "திருப்பு. இறக்கு. சுவர் வருது. கடைசிப் படி." அந்தக் 'கடைசிப் படி' கேட்டதும்தான் மூச்சு விடுவேன். இத்தனை வருஷத்தில் எனக்கு அந்தப் படிக்கட்டின் முகமே தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளாமல்தான் கட்டு வந்தது. ஹோட்டல் பெட்டியின் தும்மல் தாங்காமல், ஒரு நாள் பீரோவை நானே இறக்கிவிடலாம் என்று கிளம்பினேன். பழக்க தோஷம், போய் மேல்பக்கம் பிடித்தேன். கீழே ஆள் இல்லை என்பது முதல் திருப்பத்தில்தான் உறைத்தது. அது இறங்கிவிட்டது, நான் விடவில்லை. இடது கை சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் வீங்கிவிட்டன. கம்பி அழுத்துகிற கை. மீதி இரண்டு விரலை வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேலாக ஒப்பேற்றுகிறேன். பாடகி நான் வாசித்தேனா என்று கேட்டதில் ஸ்ட்ரிங்கின் குற்றம் பாதிதான்.

மாடி வீட்டுக்காரர்கள் வந்து பீரோவைத் திரும்ப மேலே ஏற்றினார்கள். "இவ்வளவு பெரிசு ஒருத்திக்கு எதுக்கும்மா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார்.

"ஒரு வருஷம்தான், அண்ணி வேலை எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்துடறோம்" என்று நீ இதே படியில் நின்று சொன்னாய். வருகிறவன் எதற்காகச் சின்ன ஆம்ப் வாங்கச் சொல்லுவான்? எதற்காகக் கிக்குக்குள் இருக்கும் போர்வையை எடுத்துக் கொடுக்கச் சொல்லுவான்?

வருவாயா, மாட்டாயா? ஒரே வரியில் எழுது.

கொசு


பிப்ரவரி 28

கொசு,

கையைக் காட்டினாயா? எக்ஸ்ரே எடுத்தார்களா? பல் டாக்டரிடம் காட்டினேன் என்று எழுதிவிடாதே. இரண்டு விரலை வைத்துக்கொண்டு வாசிக்காதே, பிறகு அதுவே பழகிவிடும். ஐஸ் வை.

ஆம்ப் பற்றி இங்கே ஒரு கடையில் போய் விசாரித்தேன். வாங்குகிறவன் மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். விஷயம் இதுதான். கிட்டார்காரர்களுக்கு ஐம்பது வாட்ஸ் போதும், பேஸுக்குப் போதாது. கீழ்ச் சுரம் சக்தியைத் தின்னும். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்க முந்நூறாவது வேண்டும், ஐந்நூறு இருந்தால் திருகியைப் பாதியில் வைத்து நிம்மதியாக இருக்கலாம். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறதைப் பார். ஸ்பீக்கரின் காந்தம் புது மாதிரியாக இருந்தால் கனமே இருக்காது. பின்னால் நேராக ஹாலின் சவுண்ட் மிக்ஸருக்கு ஒயர் போகிற வழி இருக்க வேண்டும். ஹாலுக்கு ஹாலின் ஸ்பீக்கர் கேட்க வைக்கும், உன் ஆம்ப் உனக்கு மட்டும் கேட்டால் போதும். இன்னொரு பெட்டி சேர்க்கிற இடம் இருந்தால் நல்லது. சேர்க்கும்போது ஓம்ஸ் பார்க்க வேண்டும். எட்டு ஓம்ஸோடு இன்னொரு எட்டைச் சேர்த்தால் நாலு ஆகும், அதற்குக் கீழே போனால் ஆம்ப் சூடாகி உயிரை விட்டுவிடும்.

முக்கியமாக, மேடையில் அதைத் தரையில் வைக்காதே. பலகை மேடை கூடச் சேர்ந்து உறுமும். ஒரு நாற்காலி வாங்கி அதன்மேல் வை. காதுக்கு நேராக வரும், சின்னதிலும் தெளிவாகக் கேட்கும்.

இங்கே குளிர் குறைந்திருக்கிறது. கிடங்கில் என்னை மாலை வேலையிலிருந்து பகல் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறேன். அண்ணி உன்னை விசாரித்தாள்.

கையைப் பற்றி உடனே எழுது.

டமாரம்


மார்ச் 10

அண்ணா,

கை தேறிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருக்கிறது.

வாட்ஸ் புரிந்தது. ஓம்ஸ் புரிந்தது. நாற்காலியும் புரிந்தது. கேட்டது ஒன்று, நீ ஒரு கடையையே விரித்திருக்கிறாய்.

வருவாயா, மாட்டாயா?

கொசு


மார்ச் 31

கொசு,

வரமாட்டேன்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு மூன்று நாள் தபாலில் போடாமல் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நீ ஒரே வரிதான் கேட்டாய். ஆனால் அந்த வரியை மட்டும் அனுப்பினால் நீ அண்ணியைத்தான் திட்டுவாய். அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

அண்ணிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை. "நீ போய் தங்கச்சியோட இரு, நான் அப்பறமா வர்றேன்" என்று அவளே இரண்டு தடவை சொன்னாள். நான்தான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இங்கே வந்த புதிதில் கை சும்மா இருக்காது. சாப்பாட்டு மேஜை, பஸ் கம்பி, கிடங்கு அட்டைப் பெட்டி, எது கிடைத்தாலும் தட்டுவேன். வாடகைக்கு டிரம்ஸ் கிடைக்கும் இடத்தைக்கூட விசாரித்து வைத்தேன். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு நாள் சாயங்காலம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தது, நான் தள்ளிப்போடவில்லை. எனக்கு வேண்டியிருக்கவில்லை. மேஜையைத் தட்டி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

இத்தனை வருஷத்தில் சாயங்காலம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாமல் போயிருந்தது. எப்போதும் எதையாவது தூக்கிக்கொண்டு எங்கேயாவது படி ஏறிக்கொண்டிருந்தேன். இப்போது வீட்டுக்கு வருகிறேன், குளிக்கிறேன், அண்ணியோடு கொஞ்ச தூரம் நடக்கிறேன், தூங்குகிறேன். தோள் வலிப்பதில்லை. டிரம்ஸ் இல்லாமல் எனக்குக் கஷ்டமாகவே இல்லை, கொசு. அதை உன்னிடம் எப்படிச் சொல்வது? வேலை இருக்கிறது, விசா இல்லை, வசதி இல்லை என்றால் நீ சண்டை போட்டுவிட்டு விட்டுவிடுவாய். வேண்டாம் என்று ஆகிவிட்டதை எப்படிச் சொல்வது? அதனால்தான் ஓம்ஸ் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

டிரம்ஸை விட்டு இருப்பது கஷ்டமில்லை. உன்னை விட்டு இருப்பதுதான் கஷ்டம். இரண்டும் ஒன்று என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று பயமாக இருக்கிறது.

இங்கே யாரும் என்னை டமாரம் என்று கூப்பிடுவதில்லை. யாருக்கும் தெரியாது. நான் வாசிப்பேன் என்பதே கிடங்கில் ஒருவருக்கும் தெரியாது.

டிரம்ஸை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். திட்டியாவது ஒரு கடிதம் போடு.

அண்ணன்


ஜூன் 8

அண்ணா,

இரண்டு மாதமாக எழுதவில்லை. நீ அனுப்பிய மூன்று மெசேஜுக்கும் 'நலம்' என்று மட்டும் பதில் போட்டேன். திட்டிக் கடிதம் எழுதி எழுதிக் கிழித்தேன். நீ வராதது தாங்கக்கூடியதாக இருந்தது. உனக்கு அது வேண்டாமல் போனது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் இங்கே ஒரு கம்பியைக்கூட மாற்றாமல் உனக்காகக் காத்துக்கொண்டிருக்க, நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சந்தோஷமாக இருந்திருக்கிறாய். வயிறு எரிந்தது. இப்போது அவ்வளவாக எரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஸ்ட்ரிங் மாற்றிவிட்டேன். நீ சொன்னபடி ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டினேன். தடிக்கம்பியைக் கடைசி வரை விட்டுவைத்தேன். அது ஒன்று மட்டும் பழசாக இருக்கும்போது மீட்டிப் பார்த்தேன். மூன்று கம்பி வேறு யாரோ பேசுகிற மாதிரியும், அந்த ஒன்று மட்டும் நம் வீட்டு மனுஷர் மாதிரியும் இருந்தது. பிறகு அதையும் கழற்றினேன். கழுத்தைக் கடைக்காரரிடம்தான் கொடுத்தேன், ஸ்பேனரைத் தொடவில்லை.

பீரோவை விற்றுவிட்டேன். இரண்டு பேர் கேட்டு வந்தார்கள், நான்தான் மாட்டேன் என்றேன். மூன்றாவதாக வந்தவரிடம் முதல் கேள்வியாக, "உங்க வீட்ல தூக்க ஆள் இருக்காங்களா?" என்று கேட்டேன். "நானும் என் மனைவியும் இருக்கோம், ரெண்டு பேரும் வாசிக்கறவங்கதான்" என்றார். அதற்குப் பிறகுதான் விலையே பேசினேன். ஆனால் அன்றைக்கு மனிதர் தனியாகத்தான் வந்திருந்தார். "இறக்கறதுக்கு இன்னொரு ஆள் வேணுமே?" என்று சுற்றும்முற்றும் பார்த்தார். "நான்தான் அந்த இன்னொரு ஆள்" என்றேன்.

அவருக்குப் படி புதிது. அதனால் நான் கீழ்ப்பக்கம் பிடித்தேன். முதல்முறையாக நான் பின்பக்கமாக நடந்தேன். இரண்டாவது திருப்பத்தில் சுவரில் நீளமாக ஒரு கீறல் இருக்கிறது, உனக்குத் தெரியுமா? தெரிந்திருக்கும், நீ எப்போதும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இறங்கியிருப்பாய். எனக்கு அன்றுதான் தெரியும். அவர் முகம் பெட்டியில் அழுந்தியிருந்தது. நான் வழி சொல்லிக்கொண்டே வந்தேன். "திருப்புங்க. இறக்குங்க. சுவர் வருது." கடைசிப் படி என்று சொல்ல வாய் திறந்தேன், குரல் வரவில்லை. அவர் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்துத் தடுமாறினார். மன்னிப்புக் கேட்டேன்.

சின்ன ஆம்ப் வாங்கியாயிற்று. பன்னிரண்டு அங்குலம், ஐந்நூறு வாட்ஸ், மேலே நடுவில் ஒரே ஒரு கைப்பிடி. சனிக்கிழமை ஹோட்டலில் நாற்காலி கேட்டு வாங்கி அதன்மேல் வைத்தேன். பாடகி, "அதுக்கும் சாப்பாடு சொல்லிடவா?" என்றாள். பாட்டு ஆரம்பித்ததும் அவளே திரும்பிப் பார்த்தாள். டாக்டரின் டக்கும் என் புதுச் சத்தமும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எது அவர், எது நான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நன்றாக இருந்தது, அண்ணா. நிஜமாகவே நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்குத் துக்கம். நீ டிரம்ஸ் இல்லாமல் இருக்கப் பழகிவிட்டாய், நான் நீ இல்லாமல் வாசிக்கப் பழகிவிட்டேன். இந்தக் கணக்கும் நேராகிவிட்டது.

முடிந்ததும் ஒயர் எல்லாம் சுருட்டி வைத்துவிட்டு ஆம்ப் பக்கத்தில் நின்றேன். எதற்கு நிற்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. ஹாலில் விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்த ஆள், "யாருக்காகவாவது வெயிட் பண்றீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு அதை ஒரு கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கனமே இல்லை.

உன் டிரம்ஸைப் பல் டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். வந்து அவரே ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார். கையைப் பற்றி மூச்சு விடவில்லை. கிக்கைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை வெச்சிருந்தவர் நல்லா வாசிச்சிருப்பாரு" என்றார். "ஆமாங்க, நல்லா வாசிச்சாரு" என்றேன். போர்வையை மட்டும் கொடுக்கவில்லை. இங்கே இப்போது மழை, இரவில் அதைத்தான் போர்த்திக்கொள்கிறேன் என்று அண்ணியிடம் சொல்லு.

உன் மூலையில் தரை மட்டும் நிறம் வெளுக்காமல் இருக்கிறது. பீரோ நின்ற இடமும் அப்படித்தான். வீட்டில் பேசினால் எதிரொலிக்கிறது. அதனால் பேசுவதில்லை.

வாசிக்க வா என்று இனிக் கூப்பிட மாட்டேன். இத்தனை வருஷமும் நீ இந்த வீட்டுப் படி ஏறியதெல்லாம் எதையாவது சுமந்துகொண்டுதான். இப்போது இங்கே தூக்குவதற்கு ஒன்றும் இல்லை.

வெறுங்கையோடு வா.

கொசு